நாய்க்கு அடி வேண்டாம், கிளிக்கர் போதும்

ஆசிரியருக்கு,

கடற்கரையில் நாயைச் சங்கிலியால் சுண்டி இழுத்துப் பழக்குவதை இன்றும் காண்கிறோம். அந்த நாய் அடிக்கிற ஆளுக்கு முன்னால் மட்டும்தான் அடங்கும். தீன் கொடுத்துப் பழக்குவதை 'இலஞ்சம்' என்பவர்களும் இருக்கிறார்கள். வேலை முடிந்த பிறகு கொடுப்பது சம்பளம், ஐயா.

கிளிக்கர், அமுக்கினால் 'டிக்' என்கிற சிறு பெட்டி. கிடைக்காவிட்டால் அமுக்குப் பேனையே போதும். முதல் நாள் கட்டளை எதுவும் வேண்டாம்: ஒரு 'டிக்', உடனே ஒரு துண்டு இறைச்சி, 15 தடவை. ஒலி கேட்டதும் நாய் கையைத் தேடினால், 'டிக்' என்றால் தீன் வரும் என்று அதற்கு விளங்கிவிட்டது.

பிறகு 'இரு'. துண்டை மூக்குக்கு மேலால் மெல்லப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். தலை உயரும், பின்பக்கம் தாழும். அது நிலத்தில் பட்ட கணமே அமுக்க வேண்டும். அரை விநாடி பிந்தி, நாய் எழும்பும்போது அமுக்கினால் எழும்பியதற்கே கூலி கொடுத்ததாகிவிடும். பலர் பிழைவிடுவது இங்கேதான். ஒலிக்கு முன்பே கை பைக்குள் போனாலும் பிழை. நாய் ஒலியை விட்டுவிட்டுக் கையையே பார்க்கும். பத்துக்கு எட்டுத் தடவை சரியாக இருந்தால்தான் 'இரு' என்ற சொல்லைச் சேர்க்கலாம்.

துண்டு கடலையளவு, அவித்த கோழி. கருவாட்டில் உப்பு அதிகம். ஒருமுறைக்கு மூன்று நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. ஒலிக்கு மிரண்டால் பேனையைத் துணியில் சுற்றுங்கள்.

திருகோணமலைப் பிரட்றிக் கோட்டையில் திரிகிற மான்களுக்கு முன்னால் முதற்பாடம் நடத்தாதீர்கள். முதலில் முற்றம், பிறகு ஒழுங்கை, மான் தெரிகிற தூரம் கடைசியாக.

நாய்ப் பயிற்சியாளர்கள்,
உவர்மலை, திருகோணமலை.