ஜனவரி ஆராதனைக்குப் பிறகு: ஒரே ஊரின் சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென் மாவட்டங்களில் ஊழியம் செய்யும் சேகர குருமார்களுக்கும், பங்குத்தந்தையருக்கும், பாஸ்டர்மாருக்கும், இரட்சணிய சேனை அதிகாரிகளுக்கும், சேகரக் கமிட்டி, பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கும் எங்கள் வணக்கம்.

ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை, எல்லாக் கிறிஸ்தவ சபைகளும் ஐக்கியத்துக்காக ஜெபிக்கும் ஒன்றிப்பு வாரம் வருகிறது. ஒரு மாலை எல்லாரும் ஒரே ஆலயத்தில் கூடுகிறோம். கர்த்தர் கற்பித்த ஜெபம் வரும்போது பாதிப்பேர் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்றும், பாதிப்பேர் ‘விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்றும் தொடங்கி, நடுவில் வார்த்தை முட்டி, ஒரு சாரார் முடித்த பிறகும் மற்றவர்கள் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதில் குறை காண எங்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் டீயும் வடையும் முடிந்து கேட் பூட்டினால் அடுத்த ஜனவரிவரை ஒருவர் இன்னொருவரின் காம்பவுண்டுக்குள் காலெடுத்து வைப்பதில்லை. அந்த இடைப்பட்ட காலத்துக்காகத்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றுதான். கொள்கையில் ஒன்றுபடும்வரை காத்திருக்காமல், தனி ஒரு சபையால் தூக்க முடியாத ஒரே ஒரு பாரத்தை எல்லாருமாகத் தூக்குங்கள்.

இது புதுச் சிந்தனையும் அல்ல. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய 33 பேர், இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள், பிரிந்து கிடப்பதால் நாம் பலமற்றிருக்கிறோம் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டார்கள். பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானது 27 செப்டம்பர் 1947. இடையில் 28 ஆண்டுகள் ஓடிவிட்டன. தரங்கம்பாடியில் முன்னின்றவரும் வெள்ளாளன்விளையில் பிறந்தவருமான பேராயர் அசரியா, அந்த நாளைப் பார்க்காமலே 1945 ஜனவரியில் காலமானார். கொள்கைவழி ஐக்கியம் அவ்வளவு மெதுவாகத்தான் நடக்கும். அதில் யாரையும் குறைசொல்லவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். 1900இல் ஒற்றைப் படுக்கையில் தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்த இடம் அது. 1930களின் இறுதியில், இனி எம்.பி.பி.எஸ். தரத்தில்தான் மருத்துவப் படிப்பு என்று மாகாண அரசு சொன்னபோது, ஒரு மிஷனின் பணத்தாலும் ஆள்பலத்தாலும் ஆகாது என்பது தெரிந்துபோயிற்று. பல திருச்சபைகள் ஒரே நிறுவனத்தைத் தாங்கி நின்றதற்கு அந்த நெருக்கடி பெரிய காரணம். மதுரை அரசரடியில் 1969இல் சி.எஸ்.ஐ.யும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து குருத்துவப் பயிற்சியை ஒரே கூரைக்குக் கொண்டுவந்தன. 1995இல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு வேதாகமமே வெளிவந்துவிட்டது. நம் ஊரில் மட்டும் ஒரு வீல்சேரைப் பொதுவில் வைக்க முடியாதா?

நாங்கள் முன்வைக்கும் பாரம்: படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. பக்கவாதம், முற்றிய புற்றுநோய், முதுகெலும்பு முறிவு, கடைசிக்கட்ட முதுமை. பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, எழுபது வயது மனைவி எழுபத்தைந்து வயதுக் கணவரைப் புரட்டிப்போடுகிற வீடுகள் நம் எல்லாத் தெருக்களிலும் உண்டு. ஓய்வுபெற்ற நர்சுகளும் நம் ஊர்களில் ஏராளம். ஒரு சபையில் நர்ஸ் இருக்கிறார், இன்னொன்றில் ஆம்னி வேன் இருக்கிறது, மூன்றாவதில் பகலில் நேரமுள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள். மூன்றும் ஒரே சபையில் இருப்பது அபூர்வம்.

முதல் வேலை கணக்கெடுப்பு. எல்லா ஆலயங்களிலும் ஒரே ஞாயிறு, ஒரே அச்சிட்ட சீட்டு. சபைவாரியாக எடுக்காதீர்கள், தெருவாரியாக எடுங்கள். சபைவாரியாக எடுத்தால் இந்து, முஸ்லிம் வீடுகளும், எந்தச் சபையிலும் பெயரில்லாதவர்களும் விடுபடுவார்கள். ‘எங்கள் ஆட்கள் எத்தனை, உங்கள் ஆட்கள் எத்தனை’ என்ற பேச்சும் அன்றே தொடங்கும். சீட்டில் ஆறு விவரம் போதும்: வயது, நோய், உட்கார முடிகிறதா, புண் இருக்கிறதா, கவனிப்பவர் யார், நாங்கள் வரலாமா. கடைசிக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பட்டியல் ஆனதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு பிரதி கொடுங்கள், வீட்டாரின் சம்மதத்தோடு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஏற்கெனவே நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. அவர்கள் போகிற வீட்டுக்கு அதே நாளில் நாமும் போய் நிற்பதில் பயனில்லை.

முதல் ஆண்டில் 20 பேருக்கு மேல் எடுக்காதீர்கள். மாதம் இருமுறை பார்த்தாலே 40 வீட்டு வருகை. வாரம் இரண்டு நாள், நாளைக்கு ஐந்து வீடு என்றால் கணக்கு நேராகும். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம். ‘இன்றைக்குப் பதினைந்து வீடு முடித்தோம்’ என்று பெருமையடிக்கும் குழு புண்ணைத் துணி விலக்கிப் பார்த்திருக்காது.

அந்த முக்கால் மணி நேரத்தில் நர்ஸ் முதலில் பார்ப்பது நோயாளியின் முதுகின் அடிப்பகுதியை. இடுப்புக்குக் கீழே, எலும்பு தோலைத் தொடுகிற இடத்தில் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். (கறுத்த மேனியில் சிவப்பு தெரியாது, கதகதப்பும் கெட்டித்தன்மையும்தான் அடையாளம்.) வீட்டில் பாசத்தோடு எண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. உள்ளே நைந்த தசை இன்னும் கிழியும். காற்றடைத்த வளையத்தைக் கடையில் வாங்கி அடியில் வைப்பார்கள். அது வளையத்தின் ஓரத்தில் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போடுவதுதான் மருந்து. ஏர்பெட் போட்டாலும் புரட்டத்தான் வேண்டும்.

ஏர்பெட் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் தானமாக முதலில் வந்து சேர்வதும் முதலில் வீணாவதும் அதுதான். மாறி மாறி உப்பி இறங்கும் அறைகளால் வேலை செய்வது அது. மோட்டார் நின்றால் வெறும் பிளாஸ்டிக் விரிப்பு. மின்வெட்டு நேரத்துக்கு என்ன செய்வது என்று வீட்டாரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். மேலே ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு, அதுவும் தளர்வாக. அம்மாவுக்குக் குளிரும் என்று ரஜாய், ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய சேலை என்று நாலடுக்கு போட்டால் ஏர்பெட் போட்டதும் போடாததும் ஒன்று. காற்றுக்குழாயை எலி கடிக்கும். தரையில் ஓடவிடாமல் கட்டில் காலோடு கட்டுங்கள். சைக்கிள் கடைப் பஞ்சர் ஒட்டு அதில் நிற்காது, பி.வி.சி.க்கான பசையும் துண்டும் தனியாக வாங்கி வையுங்கள்.

பையில் ரத்த அழுத்தக் கருவி, குளுக்கோமீட்டர், கையுறை, காஸ், பிளாஸ்திரி, சலைன், யூரின் பை எல்லாம் இருக்கும். புண் கழுவ வீட்டிலேயே அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போட்டுக்கொள்ளலாம், அன்றன்றைக்கு. யூரின் டியூப் மாற்றுவது நர்சின் வேலை மட்டுமே. அதன் பலூனுக்குள் சலைன் ஏற்றாதீர்கள், ஸ்டெரைல் வாட்டர்தான். உப்பு படிந்து பின்னால் பலூன் சுருங்காமல் டியூப் வெளியே வர மறுக்கும். மார்பின் மாத்திரையைக் குழு கையில் வைத்திருக்கக் கூடாது. 2014 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வழியாக அது கிடைக்க வழியுண்டு. அப்படி ஒரு மருத்துவமனையோடு முன்பே பேசிவையுங்கள். நம் வேலை மாத்திரையை எண்ணிப்பார்ப்பதும், கூடவே மலமிளக்கி எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று கவனிப்பதும். மார்பின் கொடுத்து மலமிளக்கி கொடுக்காவிட்டால், வலி போய் வேறொரு வேதனை வரும்.

இனி பணம். பெரிய சபை இவ்வளவு, சின்னச் சபை இவ்வளவு என்று பேரம் பேசாமல் குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய் என்று வையுங்கள். உதாரணத்துக்கு சி.எஸ்.ஐ. 400 குடும்பம், கத்தோலிக்கர் 350, மற்ற சபைகள் சேர்ந்து 150 என்றால் மாதம் 18,000 ரூபாய். நர்சுக்கு மதிப்பூதியம் 8,000, வண்டிக்கு ஒன்பது நாள் 500 வீதம் 4,500, காஸ், கையுறை வகைக்கு 4,000. மிச்சம் 1,500 பழுதுபார்க்க. ரூபாயாகத் தர முடியாத வீடுகளுக்கு நம் பாட்டிமார் வைத்த பிடி அரிசி முறை இருக்கவே இருக்கிறது. தருவது குடும்ப எண்ணிக்கைப்படி. ஓட்டு மட்டும் சபைக்கு ஒன்றே. முப்பது பேர் கூடும் வாடகைக் கட்டடச் சபைக்கும் ஒரு ஓட்டு, ஆயிரம் பேர் கூடும் கோபுர ஆலயத்துக்கும் ஒரு ஓட்டு. இதை ஒப்புக்கொள்ளாத இடத்தில் சின்னச் சபைகள் மூன்றாம் கூட்டத்தோடு நின்றுவிடும்.

போதகரையோ பங்குத்தந்தையையோ பொருளாளர் ஆக்காதீர்கள். நேர்மை பற்றிய சந்தேகம் இல்லை. மாற்றல் வந்தால் கணக்கும் அவரோடு வண்டியேறிவிடும். மூன்று சபைகளிலிருந்து மூன்று விசுவாசிகள், எந்தக் காசோலைக்கும் அவர்களில் இருவர் கையெழுத்து. ஓராண்டு ஒழுங்காக ஓடினால் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிந்துகொள்ளுங்கள். குறைந்தது ஏழு பேர் வேண்டும். மாதக் கணக்கு ஒரே தாளில், ஒரே தேதியில், எல்லா ஆலய அறிவிப்புப் பலகையிலும்.

கட்டடம் கட்டாதீர்கள். இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறோம். அஸ்திவாரக் கல்லில் சி.எஸ்.ஐ. பேராயர் பெயர் மேலேயா கத்தோலிக்க ஆயர் பெயர் மேலேயா என்ற இடத்தில் ஐக்கியம் முடிந்துவிடும். டியூப் லைட்டில்கூட ‘உபயம்’ எழுதுகிற ஜனம் நாம். தெருவைப் பார்த்த ஒரு கீழ்த்தள அறை வாடகைக்குப் போதும். காம்பவுண்டுக்குள் வைத்தால் சாவி ஒருவரிடம் போகும், இரவு பத்து மணிக்கு வீல்சேர் கேட்டு வருகிற முஸ்லிம் வீட்டுப் பையன் கேட்டருகே நிற்கத் தயங்குவான்.

கொடுத்த பொருள் திரும்பி வராதது இன்னொரு தொல்லை. நோயாளி இறந்த பின் வாக்கரும் கட்டிலும் வராந்தாவில் மாதக்கணக்கில் கிடக்கும். திருப்பித் தரக்கூடாது என்றல்ல; அதைத் தொட மனம் வராது. போனில் கேட்பது முரட்டுத்தனம். துக்க ஜெபம் முடிந்த மறுவாரம் குழுவில் இருவர் அந்த வீட்டில் போய் உட்கார்ந்து பேசி, கிளம்பும்போது தாங்களே எடுத்து வர வேண்டும். சோப்புத் தண்ணீர், பிறகு பிளீச்சிங் கரைசல், நிழலில் உலர்த்தல், பதிவேட்டில் தேதி.

அடுத்தது, யாரும் மேடையில் பேசாத பயம்: ஆள் பிடிப்பது. ‘எங்கள் விசுவாசியைப் பார்க்க வருகிறோம் என்று வந்து அவர்கள் சபைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள்.’ பழைய சபைகளுக்கு இந்தப் பயம், புதுச் சபைகளுக்குத் தங்களை இதற்காகவே சந்தேகிக்கிறார்கள் என்ற வருத்தம். எழுதிக் கையெழுத்திடுங்கள்: குழுவில் போகும் நாளில் யாரும் தங்கள் சபைக்கு அழைப்பதில்லை. கைப்பிரதி இல்லை. போட்டோ இல்லை. ஜெபம், வீட்டார் கேட்டால் மட்டும். நற்கருணையோ நோயில்பூசுதலோ அபிஷேக எண்ணெயோ அவரவர் போதகரை அழைத்து. ‘மருந்தை நிறுத்திவிட்டு விசுவாசியுங்கள்’ என்று ஒருவர் ஒருமுறை சொன்னாலும் அன்றோடு அவர் குழுவில் இல்லை. இதில் தயவு காட்டினால் அடுத்த மாதம் ஓர் இன்சுலின் நோயாளியை இழப்பீர்கள்.

சாதியைச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊர்களில் சபைப் பிரிவு என்று பெயர் சொல்லப்படுவதில் பாதி தெருப் பிரிவு. ஒரே சபைக்குள்ளேயே கல்லறைத் தோட்டத்தில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்து வைத்த ஊர்கள் இருக்கின்றன. ஆகவே வருகைப் பட்டியலைப் போடும்போது ஒரே சபை, ஒரே தெரு ஆட்களை ஜோடி சேர்க்காதீர்கள். இந்தத் தெரு ஆள் அந்தத் தெரு நோயாளியின் புண்ணைக் கழுவ வேண்டும், முடிந்ததும் அந்த வீட்டு டம்ளரில் தண்ணீர் குடிக்க வேண்டும். மறுக்கிற தொண்டர் வருவார். ‘வயிறு சரியில்லை’ என்பார். மறுக்கிற வீடும் வரும். தொண்டரை மாற்றலாம். வீட்டுக்காக ஆளை மாற்றாதீர்கள்.

அன்பியங்கள் (கத்தோலிக்கப் பங்குகளின் சிறு குடும்பக் குழுக்கள்), ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை, பெண்கள் ஐக்கியம், வாலிபர் கூட்டம் என்று வீடு வீடாகப் போய்ப் பழகிய ஆட்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். புதிய அமைப்பு எதையும் அவர்கள் தலையில் கட்ட வேண்டாம், மாதத்தில் இரண்டு முற்பகல் கேளுங்கள்.

வருகிற ஒன்றிப்பு வாரத்துக்கு முன் ஒரு மாலை எல்லாச் சபைகளிலிருந்தும் இருவர் இருவராகக் கூடுங்கள். ஆலயத்தில் வேண்டாம், பள்ளிக்கூட வகுப்பறை ஒன்று போதும். வரும்போது மூன்று விவரம் எழுதி எடுத்து வாருங்கள்: உங்கள் ரிஜிஸ்டரில் உள்ள குடும்ப எண்ணிக்கை, உங்கள் சபையில் இருக்கும் நர்சுகளின் பெயர், ஸ்டோர் ரூமில் தூசி பிடித்துக் கிடக்கும் வீல்சேர்களின் எண்ணிக்கை.

இப்படிக்கு,
உங்கள் சபைகளிலேயே உட்கார்ந்திருக்கும் சில செவிலியர்களும் கணக்கர்களும்