வீசையா, கிலோவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினிகள் நெட் வழியே ஒன்றோடொன்று பேசும் முறைகளில் ரெஸ்ட் (REST) வந்தபின் பழைய சோப்புக்கு (SOAP) வேலையே இல்லை என்று உங்கள் கணினிப் பகுதியில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். யாங்கூனில் பருப்பு வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதி இருபது வருடமாகப் பிழைக்கிறவள் நான். ரெஸ்ட், சோப் இரண்டிலும் வெப் சர்வீஸ், அதாவது ஒரு நிறுவனத்தின் புரோகிராம் இன்னொன்றின் புரோகிராமை நெட் வழியே அழைக்கும் சேவை, எழுதியிருக்கிறேன். ரெஸ்ட் வென்றது உண்மைதான். சோப்போடு சேர்த்து எதைக் கைவிட்டோம் என்பதைத்தான் கட்டுரை சொல்லவில்லை.

போன வருடம் பயின்னவுங் சந்தையில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் 800 வீசை உளுந்துக்கு ஆர்டர் போட்டார். இங்கே இன்றும் வீசைக் கணக்குதான். ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ. கிடங்கு நிறுவனம் அப்போதுதான் பழைய சோப் சேவையை மூடிவிட்டு ரெஸ்டுக்கு மாறியிருந்தது. நாங்கள் அனுப்பிய ஜேசானில் (தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம்) ‘அளவு: 800’ என்று மட்டும் இருந்தது. அவர்கள் புரோகிராம் அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டது. 1,300 கிலோவுக்கு மேல் வரவேண்டிய கடைக்கு 800 கிலோதான் வந்து இறங்கியது. மூட்டைகளை மூன்று தடவை எண்ணிவிட்டு அவர் என்னைத்தான் கூப்பிட்டார். பழைய சேவைக்கு எதை எப்படி அனுப்ப வேண்டும் என்று விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பில் அலகு கட்டாயம். வீசை, கிலோ, டன் மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் செய்தி வாசலிலேயே திரும்பிவிடும். புதிய சேவைக்கு அவர்கள் கொடுத்தது இரண்டு பக்க பிடிஎஃப். அதில் அலகு என்ற பேச்சே இல்லை. நானும் கேட்டுத் தெளிந்திருக்க வேண்டும்.

சோப்புக்கு வக்காலத்து வாங்கவில்லை. கட்டுரையில் சொன்ன சிரமமெல்லாம் நானும் பட்டதுதான். ஒரு விலையைக் கேட்க, சோப் செய்திகளை எழுதும் எக்ஸ்எம்எல் வடிவத்தில் அத்தனை வரிகள். ஜாவாவில் எழுதிய சேவை அனுப்பியது மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதியதற்குப் புரியாது; அந்தப் பிணக்கைத் தீர்க்கவே 2004இல் ‘பேசிக் புரொஃபைல்’ என்று தனியாக ஒரு விதித்தொகுப்பு போட வேண்டியிருந்தது.

ராய் ஃபீல்டிங் 2000இல் தன் ஆய்வேட்டில் விளக்கிய ரெஸ்டில் எனக்கு மிகவும் உதவியது, இணையத்தின் அடிப்படைப் பரிமாற்ற விதியான எச்டிடிபியை அதன் போக்கிலேயே பயன்படுத்த முடிவதுதான். இங்கே கரண்ட் போகும், நெட் பாதியில் அறுந்துவிடும், ஆர்டர் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. நாங்கள் பயன்படுத்திய சோப் சேவைகளில் எல்லாமே போஸ்ட், அதாவது ‘இதை வாங்கிச் செய்’ என்ற எச்டிடிபி கட்டளை. மறுபடி அனுப்பினால் இரண்டு ஆர்டராகிவிடுமோ என்று பயந்து கடைக்காரர்கள் போன் போட்டுக் கேட்பார்கள். இப்போது ஆர்டர் எண்ணை முகவரியிலேயே வைத்து ‘புட்’ (இந்த முகவரியில் இதை வை) என்ற கட்டளையாக அனுப்புகிறோம். சர்வரில் ஒழுங்காக எழுதியிருந்தால் பத்து முறை அனுப்பினாலும் ஒரே ஆர்டர்தான். ஜெனரேட்டர் ஓடியதும் கடைப்பையன் தைரியமாகப் பொத்தானை மறுபடி அமுக்குகிறான்.

ரெஸ்ட், சோப் இரண்டாலும் பிடிக்க முடியாத பிழை ஒன்றும் உண்டு. பர்மிய எழுத்துக்கு ஸோஜி என்ற பழைய எழுத்துரு முறை இங்கே வெகுகாலம் கோலோச்சியது. 2019 அக்டோபர் 1இல்தான் நாடு அதிகாரபூர்வமாக, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாறியது. நம் ‘கெ’யில் கொம்பு இடப்பக்கம் நின்றாலும் யூனிகோடு ‘க’வை முதலில் வைத்துக் கொம்பைப் பிறகு வைக்கும். பர்மிய எழுத்திலும் அப்படி ஒரு கொம்பு உண்டு. ஸோஜி அதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, முன்னால் வைத்துவிடும். குறியெண்களோ யூனிகோடின் அதே பர்மியப் பகுதியிலிருந்துதான். அதனால் செய்தியின் அமைப்பைச் சரிபார்க்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவும் சரி என்கும், ஜேசானும் சரி என்கும்; பில்லில் மட்டும் வாடிக்கையாளர் பெயர் சிதைந்து வரும். பழைய பதிவுகளிலிருந்து இன்றும் எங்களுக்கு அப்படி வருகிறது.

ரெஸ்டுக்குப் பின் வந்த கிராஃப்கியூஎல், ஜிஆர்பிசி என்ற இரண்டு முறைகளிலும் ஒவ்வொரு தகவலும் எண்ணா, எழுத்தா என்று அதன் வகையை எழுதியே ஆகவேண்டும் என்பது நல்ல விஷயம். ஆனால் எண் என்று சொல்வதோடு அவையும் நின்றுவிடும். வீசை என்று எழுத வேண்டியது நாம்தான்.

ரெஸ்டுக்கும் ஓப்பன்ஏபிஐ என்று எழுத்தில் ஒப்பந்தம் எழுதும் முறை இருக்கிறது. அலகு கட்டாயம், இந்த மூன்றில் ஒன்றுதான் என்று அதிலும் அப்படியே எழுதலாம். சேவை தருகிற யாரும் அந்தக் கோப்பு இல்லாமல் சேவையைத் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கட்டுரையாளர் அடுத்து அதை எப்படி எழுதுவது என்று தமிழில் விளக்கினால், என்னிடம் வேலை பழகும் இரண்டு பிள்ளைகளுக்கும் வெட்டி எடுத்துக் கொடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி,
யாங்கூன்