சிரட்டையில் முளைக்கும் கிறிஸ்மஸ்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இன்று மாலை உங்கள் பிள்ளை கையில் ஒரு சிரட்டை இருக்கும். அதில் ஈரமண்ணும் கேழ்வரகும் இருக்கின்றன. விதைத்தது பிள்ளையேதான். பாதி விதை தரையில் சிந்தியது, அது வேறு விஷயம்.

இரண்டு வயதுப் பிள்ளையிடம் "கிறிஸ்மஸுக்கு இன்னும் பத்து நாள்" என்றால் ஒன்றும் விளங்காது. ஆனால் மண்ணைக் கீறிக்கொண்டு முளை வருவதும், ஒரு விரல் உயரத்துக்குப் பச்சை எழும்புவதும் கண்ணுக்குத் தெரியும். நம் நாகர்கோவில் பக்கம், இயேசு பிறப்பைப் பொம்மைகளால் காட்டும் குடிலுக்குப் புல் வளர்ப்பது பல வீடுகளில் பழக்கம்தான். இந்த வருடம் அந்த வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். தினமும் காலையில் கையால் தண்ணீர் தெளிக்கட்டும். அளவு தவறி அழுகிப்போனால் மறுபடி விதைக்கலாம், மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும். குடில் வைக்காத வீடுகளில் ஜன்னலோரம் வையுங்கள்.

குடிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1223-ல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டுவந்து பிறப்புக் காட்சியை அமைத்தார். மக்கள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. நம் பிள்ளைகளுக்குப் பார்த்தால் மட்டும் போதாது, தொட வேண்டும். "தொடாதே, உடைஞ்சிடும்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில், மண்பொம்மைகளை உயரத்தில் வைத்துவிட்டு, கீழே கொஞ்சம் வைக்கோலும் இரண்டு துணி ஆடுகளும் கொடுங்கள். ஆட்டைத் தூக்கி நடக்கட்டும், தூங்க வைக்கட்டும்.

போன வருடம் நாங்கள் செய்த தவறு ஒன்று இருக்கிறது. முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தாவைத் திடீரென்று வகுப்புக்குள் அனுப்பிவிட்டோம். பிள்ளைகள் அலறிவிட்டார்கள். முகமூடிக்குப் பின்னால் தெரிந்த ஆள் இருப்பது அந்த வயதில் புரியாது. இந்த முறை ஆசிரியை ஒருவர் பிள்ளைகள் முன்னாலேயே தாடியும் குல்லாவும் மாட்டிக்கொள்வார். வீடு வீடாகப் பாடி வரும் கேரல் குழு கிறிஸ்மஸ் தாத்தாவோடு வந்தாலும் பிள்ளையை மடியிலேயே வைத்திருங்கள். போட்டோவுக்காகத் தாத்தா கையில் திணிக்க வேண்டாம்.

இனி நான் பயப்படும் விஷயம். மினுக்கும் குல்லா, பாட்டுப் பாடும் அட்டை போன்றவற்றில் பொத்தான் பேட்டரி இருக்கும். அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். மூடியில் திருகாணி இல்லாத பொம்மையை வாங்காதீர்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முழு முந்திரி, நிலக்கடலை, கடினமான முறுக்கு இவையும் மூச்சுக்குழாயை அடைக்கும். பாசிப்பயறில் செய்யும் முந்திரிக்கொத்தை உதிர்த்துக் கொஞ்சம் கொடுங்கள், உட்காரவைத்துக் கொடுங்கள்.

நள்ளிரவு ஆராதனைக்குப் பிள்ளையை எழுப்பித்தான் கூட்டிப்போக வேண்டும் என்றில்லை. ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. 25-ம் தேதி காலை ஆராதனைக்குப் புதுச்சட்டை போட்டுப் போனால் பிள்ளையும் சிரித்த முகத்தோடு இருக்கும்.

வரும் வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு நம் வகுப்பறையில் குடில் வைக்கிறோம். தாத்தா பாட்டிமாரும் வரலாம். கேக் நாங்கள் வாங்கிவிடுகிறோம். பிள்ளையின் சிரட்டையை மட்டும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். பாட்டு முடிந்ததும் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போகலாம். முளைக்காத சிரட்டை என்றாலும் கொண்டுவாருங்கள், அதற்கும் குடிலில் இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்