ஒரே முகம், இரண்டு படங்கள்: நம் திரைப்படச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஓர் அஞ்சலி. நவம்பரில் நாம் பார்த்த 'தி மேன் ஃப்ரம் நோவேர்' படத்தின் சிறுமியை மறந்திருக்க மாட்டீர்கள். கொரிய மொழியில் அந்தப் படத்தின் பெயர் 'அஜோஷி'. முன்பின் தெரியாத பெரியவரைப் பிள்ளைகள் கூப்பிடும் சொல் அது, நம் ஊரில் 'மாமா' என்பதுபோல. பக்கத்து வீட்டு அடகுக்கடைக்காரர் ஊரார் முன்னால் தன்னைத் தெரியாதவர்போல் நடந்துகொண்ட பிறகும், "உங்களையும் வெறுத்துவிட்டால் எனக்குப் பிடித்தவர் என்று யாருமே இருக்க மாட்டார்கள்" என்ற பொருளில் அவள் பேசும் இடத்தில் நம் அரங்கில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அப்படி நடித்த கிம் சே-ரான் 2025 பிப்ரவரி 16 அன்று காலமானார். வயது 24தான். நாம் அவரைப் பார்த்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த மாதத் திரையிடலுக்கு முன் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். அதை இந்த அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

இந்த ஆண்டு 11 திரையிடல்கள் நடந்தன. டிசம்பரில் மழை காரணமாக நடத்த முடியவில்லை. வழக்கமாக இயக்குநர் பெயரில் வரிசை அமைப்போம். இம்முறை கொரிய திரில்லர் படங்களை எடுத்துக்கொண்டு, நடிகர்களை வைத்து வரிசை போட்டோம். முடிந்தவரை ஒரே நடிகரின் இரண்டு படங்கள், அடுத்தடுத்த மாதங்களில். திரில்லர் என்றாலே பேச்சு ட்விஸ்டில் போய் நின்றுவிடுகிறது. 'யார் கொலைகாரன்' என்று தெரிந்ததும் படம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். கொரியப் படங்களை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அந்த நடிகர்களின் முகத்தில் எவ்வளவு நடந்திருக்கிறது என்று தெரிகிறது. இதை உறுப்பினர்களும் உணர வேண்டும் என்பதே நோக்கம். அது நிறைவேறியது என்றே சொல்வேன்.

தொடக்க உரையில் பேசியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996இல் கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் படங்களுக்கான முன்தணிக்கை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பூசான் திரைப்பட விழா தொடங்கியது. 1999இல் வந்த உளவுப்படமான 'ஷிரி' கொரியாவில் 'டைட்டானிக்' வசூலைத் தாண்டியது. நம் வரிசையின் முக்கிய நடிகர்களான சோய் மின்-சிக், சாங் காங்-ஹோ இருவருமே அந்தப் படத்தில் இருக்கிறார்கள். இருவரும் மேடை நாடகத்திலிருந்து வந்தவர்கள். சட்டம் திறந்துவிட்ட வாசலில் நாடகக்காரர்கள் தயாராக நின்றிருந்தார்கள். அதுதான் நம் அதிர்ஷ்டம்.

ஏப்ரலில் போங் ஜூன்-ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003). 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்ட உண்மை வழக்கு. கிராமத்துத் துப்பறிவாளராக சாங் காங்-ஹோ. ஆளின் கண்ணைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன் என்று நம்புகிறவர். சந்தேகத்துக்குரிய இளைஞனாக பார்க் ஹே-இல். காவலுக்குப் படை கேட்டால், எல்லோரும் போராட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள் என்று பதில் வருகிறது. இராணுவப் பின்புல ஆட்சிக் காலத்தை இதைவிடச் சுருக்கமாக ஒரு படம் சொல்லிவிட முடியாது.

இந்தப் படத்துக்குத்தான் நம் சங்கம் முதன்முறையாகத் தமிழ் சப்டைட்டில் தயாரித்தது. கொரிய மொழி கற்கும் இரண்டு கல்லூரி மாணவிகள் நம் உறுப்பினர்கள். அவர்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. மழையில், சுரங்கப்பாதை வாயில், கையில் எந்த ஆதாரமும் இல்லாமல், பார்க் ஹே-இல்லின் முகத்தைப் பிடித்துக்கொண்டு சாங் காங்-ஹோ ஒரு கேள்வி கேட்கிறார். திரைக்கதையில் இல்லாத வசனம், நடிகரே படப்பிடிப்பில் சொன்னது. 'பாப்' என்றால் கொரிய மொழியில் சோறு. 'சோறு தின்கிறாயா, ஒழுங்காக?' என்பதுதான் கேள்வி. எங்களுக்குக் கிடைத்த ஆங்கில வரியில் சோறே இல்லை! மாணவிகள் விடவில்லை. மூன்று நாள் பேசி, "நேரத்துக்குச் சாப்பிடுறியாடா?" என்று வைத்தோம். தோற்றுப்போன போலீஸ்காரன், கொலைகாரன் என்று தான் நம்பும் ஒருவனிடம் கேட்கிற கேள்வி இது. கோபமா, இரக்கமா, இயலாமையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தமிழ் வரி திரையில் வந்தபோது அரங்கில் எழுந்த பெருமூச்சு இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம்.

கடைசிக் காட்சியில் சாங் காங்-ஹோ கேமராவை நேராகப் பார்க்கிறார். கொலைகாரன் எங்கோ இருந்து படம் பார்ப்பான் என்ற எண்ணத்தில் வைத்த காட்சி. 2019இல் டி.என்.ஏ. மூலம் லீ சூன்-ஜே என்பவன்தான் அவன் என்று தெரிந்தது. மைத்துனியைக் கொன்ற வழக்கில் ஏற்கெனவே சிறையில் இருந்தவன். படத்தைச் சிறையில் பார்த்ததாகவும், எந்த உணர்ச்சியும் வரவில்லை என்றும் 2020இல் நீதிமன்றத்தில் சொன்னான். எட்டாவது கொலைக்காகத் தவறாகத் தண்டிக்கப்பட்டு ஏறத்தாழ 20 ஆண்டு சிறையில் கிடந்தவர் அதே ஆண்டு டிசம்பரில்தான் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றார். இதைக் கலந்துரையாடலில் சொன்னபோது, படத்தில் அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்கும் காட்சிகளுக்குத் தொடக்கத்தில் சிரித்தவர்கள் அமைதியாகிவிட்டார்கள்.

மே மாதம் பார்க் சான்-வூக்கின் 'டிசிஷன் டு லீவ்' (2022), பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றது. 19 ஆண்டுகளுக்கு முன் சந்தேகத்துக்குரியவனாக நின்ற அதே பார்க் ஹே-இல் இங்கே தூக்கம் வராத துப்பறிவாளர். சந்தேகத்துக்குரியவர் டாங் வெய். பார்க் ஹே-இல்லின் முகத்தில் ஒரு சுத்தம் இருக்கிறது. முதல் படத்தில் அதுவே பயமுறுத்தியது. இங்கே அதே சுத்தம் குலைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். டாங் வெய்யின் பாத்திரம் சீனப்பெண். வரலாற்றுத் தொடர்கள் பார்த்துக் கொரியன் கற்றவள், அதனால் பழைய சொற்கள் பேச்சில் வந்து விழும். மலைக்குப் போன கணவனைப் பற்றி, "ஈற்றில் இறந்துவிடுவாரோ என்று" என்று அவள் பேசும்படி வைத்தோம். சிலருக்கு அந்த 'ஈற்றில்' இடறியது. இடறத்தான் வேண்டும். அப்புறம், துப்பறிவாளர் தன்னைப் பற்றிச் சொல்லும் ஒரு சொல், கொரிய மொழியில் கட்டடம் சரிவதற்குச் சொல்வது. அவள் கைப்பேசியில் அதற்குப் பொருள் தேடுகிறாள். நமக்கு எந்தச் சிரமமும் இல்லை. 'இடிந்துபோனேன்' என்று எழுதினோம், அச்சாகப் பொருந்தியது.

ஜூன், ஜூலை மாதங்களில் நா ஹாங்-ஜின்னின் 'தி சேஸர்' (2008), 'தி யெல்லோ சீ' (2010). இரண்டிலும் கிம் யூன்-சோக், ஹா ஜங்-வூ. முதல் படத்தில் ஹா ஜங்-வூ கொலைகாரன், கிம் யூன்-சோக் துரத்துகிறவர். அடுத்ததில் ஹா ஜங்-வூ, சீனாவின் யான்பியன் பகுதியில் கடனில் மூழ்கிய கொரிய வம்சாவளி டாக்சி ஓட்டுநர். கிம் யூன்-சோக் மாட்டெலும்பையே ஆயுதமாக எடுக்கும் தரகர். 'சேஸர்' படத்தில் கொலைகாரன் சீக்கிரமே பிடிபட்டு, கொன்றதை ஒப்புக்கொள்கிறான். ஆனாலும் பதற்றம் குறையவில்லை. ஆதாரம் கிடைக்காவிட்டால் சில மணி நேரத்தில் விட்டுவிட வேண்டும், அவன் அடைத்துவைத்த ஒரு பெண் இன்னும் எங்கோ உயிரோடு இருக்கிறாள். ஹா ஜங்-வூ ஒரு பள்ளிப் பையன்போல் வெட்கமாகச் சிரித்தபடி காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார். மிரட்டும் பார்வை, கனத்த குரல், எதுவும் கிடையாது. வில்லன் நடிப்பைப் பற்றி எனக்கிருந்த எண்ணத்தையே அந்தச் சிரிப்பு மாற்றிவிட்டது.

'சேஸர்' போட்ட அன்று, 4885 என்று முடியும் சந்தேக எண்ணை கிம் யூன்-சோக் அழைக்க, எதிரே நிற்பவனிடம் மணி ஒலிக்கும் இடத்தில் மின்சாரம் போய்விட்டது. வர முக்கால் மணி நேரம் ஆனது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. பொறுமைக்கு நன்றி. இன்வெர்ட்டர் வாங்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

ஆகஸ்டில் 'ஓல்ட்பாய்' (2003). பதினைந்து ஆண்டு காரணம் தெரியாமல் அடைத்து வைக்கப்பட்டவராக சோய் மின்-சிக். 2004 கான் விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி பெற்றது. ஒரே ஷாட்டில் வரும் நடைக்கூடச் சண்டையை எல்லோரும் பேசுவார்கள். நான் பார்த்தது அதில் அவர் வாங்கும் மூச்சை. ஜெயிக்கிறவர் இவ்வளவு களைத்துப்போய் நம் படங்களில் நான் பார்த்ததில்லை. திரைக்கு வெளியேயும் அவர் பெரிய மனிதர்தான். திரையரங்குகள் ஆண்டுக்கு 146 நாள் கொரியப் படம் போட வேண்டும் என்ற விதியை 2006இல் அரசு 73 நாளாகக் குறைத்தபோது, தெருவில் நின்று போராடினார். அரசு தந்த பண்பாட்டுப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் சில ஆண்டுகள் வணிகப் படங்களில் அவரைப் பார்க்க முடியவில்லை.

திரும்பி வந்து நடித்த முக்கியமான படம் 'ஐ சா த டெவில்' (2010). செப்டம்பரில் இதைப் போடுவதா வேண்டாமா என்று செயற்குழுவில் கடுமையான விவாதம் நடந்தது. கொரியாவிலேயே சில காட்சிகளைக் குறைத்த பிறகுதான் பொதுத் திரையரங்குகளுக்கு வந்த படம். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று முன்கூட்டியே அறிவித்துப் போட்டோம். இடையில் சிலர் வெளியேறினார்கள். அது அவர்கள் உரிமை. போட்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். போன மாதம் நாம் கூடவே அழுத அதே முகம் இப்போது கொலைகாரனாக வந்து அருவருப்பூட்டுகிறது. பழிவாங்கும் லீ பியுங்-ஹுன் முகமோ கொஞ்சம் கொஞ்சமாக மனிதத்தன்மை இழந்து, கடைசியில் உடைந்து அழுகிறது.

இதையடுத்துப் பெண் உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு கடிதம் தந்தார்கள். ஐந்தாறு மாதமாகப் பார்த்த படங்களில் பெண்கள் பெரும்பாலும் பிணமாக, கடத்தப்பட்டவராக, ஆண் கோபப்படுவதற்கான காரணமாக மட்டுமே வருகிறார்கள் என்பது அதன் சாரம். அக்டோபர் கூட்டத்தில் முழுவதும் வாசிக்கப்பட்டது. டாங் வெய் ஒருவரைத் தவிர அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடிதம் சரி. பிப்ரவரிக்கு வைத்திருந்த படத்தை மாற்றினோம்.

அதே அக்டோபரில் போங் ஜூன்-ஹோவின் 'மதர்' (2009). 1980 முதல் 2002 வரை ஓடிய கிராமத்துத் தொலைக்காட்சித் தொடரில் நடித்து, நாட்டுக்கே அம்மா என்று பெயரெடுத்த கிம் ஹே-ஜாவை மனதில் வைத்து எழுதிய படம். கொலைப் பழி விழுந்த மகனை மீட்க ஒரு தாய் எதுவரை போவாள்? மகன் வெளியே வந்துவிட்டான், பழி வேறொரு அப்பாவி மேல் விழுந்துவிட்டது. அவனைச் சிறையில் பார்த்து, "உனக்கு அம்மா இல்லையாப்பா?" என்று கேட்டு அழுகிறார். தாய்ப்பாசம் என்ற ஒன்றை நாம் எவ்வளவு பாட்டில், எவ்வளவு படத்தில் கொண்டாடியிருக்கிறோம்! அதன் இருட்டை இவ்வளவு அன்போடு காட்டிய நடிகையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. இந்த ஆண்டின் மிகச் சிறந்த நடிப்பு எது என்று கேட்டால் கிம் ஹே-ஜா என்பேன்.

இதில் மகனாக வந்த வொன் பின்தான் நவம்பர்ப் படத்தின் அடகுக்கடைக்காரர். 2010க்குப் பிறகு அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை.

ஜனவரியில் 'பாரசைட்' (2019). பெரும்பாலோர் ஏற்கெனவே பார்த்த படம், ஆஸ்கர் கதையெல்லாம் தெரிந்ததுதான். சாங் காங்-ஹோவுக்காகவே மறுபடி போட்டோம். தன் உடம்பின் வாடையைப் பற்றி முதலாளி பேசுவதை ஒளிந்திருந்து கேட்கும்போது அவர் சட்டையை மெல்ல முகர்ந்து பார்க்கிறாரே, அதற்காக. 2023 டிசம்பரில் மறைந்த லீ சுன்-கியூன் முதலாளியாகத் திரையில் வந்ததும் அரங்கம் சற்று அமைதியானது.

பிப்ரவரியில் 'பிளைண்ட்' (2011), மார்ச்சில் அதன் தமிழ் மறுஆக்கமான 'நெற்றிக்கண்' (2021). பார்வை இழந்த பெண்தான் சாட்சி, அவள்தான் துப்பறிகிறவள். இந்த இரு மாதம் மட்டும் ஒரே பாத்திரம், இரண்டு முகங்கள்: கிம் ஹா-நியூல், நயன்தாரா. கொரியப் படத்தின் நாயகி தடுமாறுகிறாள், தம்பியின் சாவுக்குத் தானே காரணம் என்று குறுகி நிற்கிறாள். நயன்தாராவின் துர்காவிடம் நிமிர்வு கூடுதல். எது மேல் என்ற பேச்சு இரவு பத்தரை வரை போனது. முதன்முறையாகப் பெண்கள்தான் அதிகம் பேசினார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உரிமையாளர்களுக்கு எழுதி அனுமதி பெறுவதில்தான் அலுவலக நேரம் பெரும்பாலும் போயிற்று. ஒரு மண்டபம் கடைசி நேரத்தில் கைவிட்டபோது பள்ளி அரங்கைத் தந்து உதவியவர்களுக்கு நன்றி. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இம்மாத இறுதிக்குள் செலுத்திவிடுங்கள்.

வரும் ஆண்டுக்கு நடிகைகளை மட்டும் வைத்து வரிசை அமைக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. லீ யங்-ஏவின் 'ஜே.எஸ்.ஏ.' (2000), 'லேடி வெஞ்சன்ஸ்' (2005); கானில் சிறந்த நடிகை விருது பெற்ற ஜான் டோ-யோனின் 'சீக்ரெட் சன்ஷைன்' (2007), 'கில் போக்சூன்' (2023). பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். சப்டைட்டில் வேலைக்கு இன்னும் நான்கு பேராவது தேவை. கொரியன் தெரிய வேண்டும் என்றில்லை, தமிழ் காதில் சரியாக ஒலிக்கிறதா என்று சொல்லத் தெரிந்தால் போதும். ஞாயிறு காலை பத்து மணிக்கு உட்காருகிறோம். 'லேடி வெஞ்சன்ஸ்' முதல் பத்து நிமிடம் தயார், படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்ல வாருங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்