சோழவந்தான் அத்தைக்கு, மல்லிகைப் பூவைப் பற்றி

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்களும் மாமாவும் நலமா என்று கேட்கப் போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். சின்னவள் வளைகாப்பு முடிந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. "மெட்ராஸ் போனதும் அவளுக்குக் கவுரவம் வந்துடுச்சு, சந்தனத்தைக் கையால தொடாம ஓடிட்டா" என்று நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னதாக அம்மா சொன்னாள். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். நேரில் வந்து பேசினால் பாதியில் வாயடைத்துப் போவேன். எழுதினால் ஒழுங்காக வரும். ஊரறிய எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். உங்களைப் போல வருத்தப்பட்டுக்கொண்டிருக்கும் அத்தைமார் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னைப் போல ஓடிப்போன மருமகள்களும் இருக்கிறார்கள்.

அன்றைக்கு நான் மண்டபத்துக்குள் வரும்போது மணி ஒன்பதே முக்கால். ஏசி போட்டு ஜன்னலை எல்லாம் அடைத்திருந்தார்கள். நூறு பேர் இருந்திருப்பார்கள். அதில் பாதிப் பேர் அன்று காலையில்தான் பீரோவிலிருந்து பட்டை எடுத்துக் கட்டியிருந்தார்கள். உங்களுக்கு அது ஐம்பது பட்டுப் புடவை, எனக்கு ஐம்பது வீட்டு அந்துருண்டை. அதோடு மல்லிகை, ஊதுபத்தி, வாசலில் தெளித்த பன்னீர், பக்கத்தில் உட்கார்ந்தவர் அடித்திருந்த சென்ட், சமையல்கட்டில் நெய் காய்வது. இதெல்லாம் கலந்து 'கல்யாண வீட்டு வாசனை' என்று ஒன்றாக உங்களுக்கு வரும். எனக்குத் தனித்தனியாக வரும், அதுவும் ஒரே நேரத்தில் வரும். பத்து நிமிடத்தில் உங்கள் மூக்கு பழகிவிடும், அப்புறம் வாசனை இருப்பதே தெரியாது. எனக்குக் கடைசிப் பந்தி முடிகிறவரை முதல் நிமிடத்தில் இருந்த மாதிரியே இருக்கும்.

அந்த நேரம் பார்த்து, மாமா வழியில் ஒரு பெரியவர் "ஏண்டி மூளித் தலையோட நிக்கிற" என்று ஈரத்துணியிலிருந்து இரண்டு முழம் எடுத்து என் பின்னலில் சொருகிவிட்டார். பாசமாகத்தான் செய்தார். வாழைநாரின் ஈர நுனி ஒன்று கழுத்தில் தொங்கியது. தலையைத் திருப்பும்போதெல்லாம் அது அதே இடத்தில் லேசாக, மிக லேசாக உரசியது. கண்ணுக்கு வெளிச்சம் கூடிப்போனது, வாயில் எச்சில் ஊறிக் குமட்டியது. அப்போதுதான் நீங்கள் கிண்ணத்தை நீட்டி, "வா, நீ பூசு" என்றீர்கள். குழைத்த சந்தனம் விரலில் காயும்போது தோலை இழுக்குமே, அதை நினைத்தேன். கால் தானாக நடந்துவிட்டது.

பின்வாசலில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே புளியும் சோப்புத் தண்ணீரும்தான் வாசனை. கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒன்றும் கேட்கவில்லை, காலால் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டார், அவ்வளவுதான். சின்னவள் கையில் நான் ஒரு வளையல்கூடப் போடவில்லை. அந்த வருத்தம் உங்களைவிட எனக்குத்தான் அதிகம்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. வெளியே இருந்து வருவதை மூளை வேறு மாதிரி வாங்கிக்கொள்கிற, பிறவியிலேயே இருக்கிற ஒரு தன்மை. 31 வயதில்தான் தெரிந்தது. பத்திரிகைகளில் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிப்பதில்லை. மதி ஒன்றும் இறுகவில்லை, கதவு சன்னல்தான் சாத்தாமல் கிடக்கிறது. "இத்தனை நாள் நல்லாத்தானே இருந்தே, வேலை பாக்குறே, பேசுறே" என்பீர்கள். அம்மாவும் அதைத்தான் கேட்டாள். 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்து ஆரம்பிக்கிற கதை இது. ஆனால் வாசனையும் தொடுகையும் ஒருவருக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ உறைப்பது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் சேர்த்ததே 2013இல்தான். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதி மெஸ்ஸில் முட்டை வேகும் நாளில் எல்லாம் பட்டினி கிடப்பேன். பிகு பண்ணுகிறேன் என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.

டாக்டர் எனக்குச் சொன்னதெல்லாம் இருக்கட்டும். எனக்கு முன்னாலேயே தெரிந்தவர் ஒருவர் உண்டு, அது நீங்கள்தான். யோசித்துப் பாருங்கள்.

எனக்கு ஏழு வயதில் ஒரு தீபாவளிக்கு அப்பா நெட்டுத் துணி வைத்த கவுன் எடுத்துக்கொண்டு வந்தார். போட்டதும் நான் கத்திய கத்தலில் தெருவே கூடியது. அப்பா கை ஓங்கிவிட்டார். நீங்கள் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், கவுனை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டு, கழுத்து லேபிளைப் பிளேடால் நூல் நூலாகப் பிரித்தெடுத்தீர்கள். "யாராச்சும் கேட்டா இதுதான் புது பேஷன்னு சொல்லு" என்றீர்கள். நாள் முழுக்கத் தையல் தெரிய ஊரைச் சுற்றினேன். இன்றைக்கும் நான் வாங்குகிற ஒவ்வொரு சட்டைக்கும் முதல் வேலை அந்தப் பிளேடு வேலைதான்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும் அப்படித்தான். அம்மா தலை பின்னினால் அழுவேன், அவள் கை பூப்போல. நீங்கள் உச்சந்தலையில் எண்ணெய் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் மண்டை ஓடே அமுங்குகிற மாதிரி தேய்ப்பீர்கள். மற்ற பிள்ளைகள் தப்பித்து ஓடும், நான் "இன்னும் அத்தை, இன்னும்" என்பேன். "இது என்ன கழுதை, அடிச்சாத்தான் பிடிக்கும் போல" என்று சிரிப்பீர்கள். லேசான தொடுகைக்கும் அழுத்தமான தொடுகைக்கும் நரம்பு வேறு வேறாம். மெல்ல வருடுவதற்கென்றே தோலில் தனியாக நுண்ணிய நரம்பிழைகள் உண்டு, நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் அவை நன்றாக விழித்துக்கொள்ளும். தாய் பிள்ளையைத் தடவுகிற வேகம் அது. பெரும்பாலானவர்களுக்கு அது சுகம். எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி. அமுக்கிப் பிடித்தால் மட்டும் உடம்பு அடங்கும்.

அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்று ஒரு அம்மா இருக்கிறார், ஆடுமாடு பற்றிய படிப்பில் பேராசிரியர், ஆட்டிசம் உள்ளவர். சின்ன வயதில் யாராவது கட்டிப்பிடித்தால் அவருக்குத் தாங்காது, ஆனால் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று ஆசையும் இருக்கும். அரிசோனாவில் ஆன்ட்டி ஒருவரின் பண்ணையில் (ஆங்கிலத்தில் எல்லாரும் ஆன்ட்டிதான், நம் கணக்கில் அத்தையா சித்தியா தெரியவில்லை) மாட்டுக்கு ஊசி போடும்போது இரண்டு பக்கமும் பலகையால் அமுக்கிப் பிடிக்கிற கூண்டைப் பார்த்தார். துள்ளிய மாடு அதற்குள் போனதும் அமைதியானது. அதைப் பார்த்து 18 வயதில் தனக்கே அப்படி ஒரு அமுக்குப் பெட்டி செய்துகொண்டார். எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அவர் கையிலேயே. இதைப் படித்த ராத்திரி எனக்குச் சித்திரைத் திருவிழாதான் ஞாபகம் வந்தது. அழகர் ஆற்றில் இறங்கும்போது, தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்துக்கு நடுவில் நான் அலறினேனே, நீங்கள் என்னை முழங்காலுக்கு நடுவில் வைத்து இரண்டு கையாலும் நெருக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். மூச்சு முட்டியது. அழுகை நின்றது. அந்தப் பேராசிரியர் பலகையை வைத்துச் செய்ததை நீங்கள் முழங்காலை வைத்துச் செய்தீர்கள்.

வாசனைக்கு மட்டும் உங்களிடம் வைத்தியம் இல்லை. சாப்பிடுவதற்கு முன்னால் ஒவ்வொரு உருண்டையையும் முகர்ந்து பார்ப்பேன், "நாய் மாதிரி மோந்து பாக்காத" என்று மண்டையில் ஒரு குட்டு விழும். நல்லதோ கெட்டதோ, மூக்கு கேட்டுச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. இஸ்ரேலில் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் 2015இல் ஒரு சோதனை செய்தார்கள். 18 ஆட்டிசக் குழந்தைகள், 18 மற்ற குழந்தைகள். ரோஜா வாசனையையும் அழுகிய மீன் நாற்றத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். மற்ற குழந்தைகள் நாற்றம் என்றதும் கண் சிமிட்டும் நேரத்தில் மூச்சை இழுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆட்டிசக் குழந்தைகள் ரோஜாவை இழுத்த மாதிரியே மீனையும் இழுத்தார்களாம். எல்லாருடைய மூக்குக்கும் ஒரு வாட்ச்மேன் உண்டு, எங்கள் வாட்ச்மேன் தூங்கிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் மல்லிகை. மதுரையில் பிறந்துவிட்டு மல்லி பிடிக்காது என்று சொல்வது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியாதா? அதற்குப் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறோம். ஆனால் அத்தை, மல்லிகையில் இன்டோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் பூவாசனைக்கு அதுதான் கனம் கொடுக்கிறது. அதிகமானால் அந்துருண்டை மாதிரி, இன்னும் அதிகமானால் — சாப்பிடும்போது படிக்காதீர்கள் — மலம் மாதிரி. மலத்திலும் அதே பொருள்தான் இருக்கிறது. நீங்கள் முகரும்போது பூ முன்னால் வருகிறது. மூடின அறையில் நூறு தலையில் பூ என்றால் எனக்கு இன்டோல்தான் முன்னால் வருகிறது. பொய் சொல்லவில்லை. மொட்டாக, காலையில், எட்ட இருந்தால் எனக்கும் அது மல்லிதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்களே கேட்பீர்கள். போன பொங்கலுக்கு உங்கள் வீட்டில் தோசை ஊற்றும்போது கல்லில் மணிக்கட்டு பட்டுக் கொப்புளித்துவிட்டது. நீங்கள் பார்த்துப் பதறிய பிறகுதான் நான் பார்த்தேன். "சூடு தெரியாதவளுக்குப் பூ மட்டும் எப்படிடி உறுத்துது?" என்றீர்கள். நல்ல கேள்வி. ஒரே உடம்பில் ஒரு குழாய் முழுக்கத் திறந்தும் இன்னொன்று பாதி அடைத்தும் இருக்கிறது. பசியும் அப்படித்தான், மூன்று மணிக்குக் கை நடுங்கினால்தான் சாப்பிடவில்லை என்று தெரியும்.

இதற்கு மருந்து மாத்திரை கிடையாது, வயதானால் போய்விடுவதும் இல்லை. சமாளிக்கலாம், அவ்வளவுதான். கார் ஏறினால் டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிற எலுமிச்சை வாசனை டப்பாவை எடுத்து டிக்கியில் வைக்கச் சொல்வேன். பாதி டிரைவர்கள் சிரித்துக்கொண்டே வைப்பார்கள், மீதிப் பேர் இறக்கிவிடுவார்கள். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மணிக்கொரு தரம் தானாகப் பீய்ச்சுகிற ரூம் ஸ்ப்ரேயை என் தலைக்கு மேலேயே மாட்டினார்கள். இடம் மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கேட்டேன். மாற்றவில்லை, நானே மாறிவிட்டேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சண்டை போட்டிருப்பேனா என்றால், சந்தேகம்தான்.

பையில் எப்போதும் ஒரு சாமான் வைத்திருப்பேன். இதை உங்களிடம் சொன்னதே இல்லை. உங்கள் கொடிக்கால் வெற்றிலை. ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்புவீர்களே, அதைத் தாம்பூலம் போடுவேன் என்றுதானே நினைத்தீர்கள்? போடுவதே இல்லை. பஸ்ஸில் நெரிசலும் வியர்வையும் தாங்காதபோது ஒரு இலையைக் காம்போடு கிள்ளி, கசக்கி, கைக்குட்டைக்குள் வைத்து முகர்வேன். உங்கள் புடவைத் தலைப்பில் வருகிற அதே காரம். கூட்டத்தில் ஓர் இடம் கிடைத்த மாதிரி இருக்கும்.

குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்றைக்குக் கண்டிப்பாக வருகிறேன். முதல் நாள் ராத்திரியே வந்துவிடுகிறேன், கூட்டம் சேர்வதற்கு முன்னால். திண்ணையில் காற்று வருகிற பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன், யாராவது கேட்டால் இதுதான் புது பேஷன் என்று சொல்லுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவதற்கு முன்னால் என் மடியில் கொடுங்கள். என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தடவாதீர்கள், அத்தை. முன்னால் வந்து நின்று, தோள் இரண்டையும் அமுக்கிப் பிடியுங்கள், எண்ணெய் தேய்க்கிற மாதிரி. பூ வாங்கி பிரிட்ஜில் வைத்தால் டப்பாவை இறுக்கி மூடிவிடுங்கள், போன தடவை தயிரெல்லாம் மல்லிகையாக இருந்தது.

வெற்றிலை தீர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இங்கே கடையில் கிடைக்கிறது, தண்டியாக, வாசனையே இல்லாமல். யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு கவுளி கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்