ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு: வீட்டில் செய்ய வேண்டியதும் விட்டுவிட வேண்டியதும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இதே கடிதம் பிரெஞ்சிலும் உங்கள் பிள்ளையின் பையில் இருக்கிறது. தமிழைப் பாடமாக எடுத்த பிள்ளைகளின் வீடுகளுக்குத் தமிழிலும் ஒன்று தருகிறோம். தமிழ் வாசிக்கிற தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பிள்ளையையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், நாளுக்கு ஒரு பத்தி போதும். எந்தச் சொல்லில் நாக்குத் தடுக்குகிறது என்பது உங்களுக்கே கேட்கும்.

நம் மொரீஷியஸில் தொடக்கப் பள்ளி முடிவில் உங்களில் பலர் எழுதியது சி.பி.ஈ. தேர்வு. அது 2016-ஓடு முடிந்தது. 2017 முதல் அதன் இடத்தில் நடப்பது பி.எஸ்.ஏ.சி. தேர்வு. மாறியது பெயர் மட்டும் இல்லை. ஆங்கிலம், பிரெஞ்சு, கணிதம் மூன்றும் ஆண்டுக் கடைசியில் வரும். அறிவியலும் வரலாறு-புவியியலும் இரண்டு கூறாகப் பிரிக்கப்பட்டவை. முதல் கூறை ஐந்தாம் வகுப்பிலேயே எழுதியாகிவிட்டது. இந்த ஆண்டு இரண்டாம் கூறு மட்டுமே. தமிழ் விருப்பப் பாடம். முதல் கூறு முடிந்துவிட்டதால் பிள்ளை வெறுங்கையோடு ஆண்டைத் தொடங்கவில்லை. இதை அதன் காதில் விழும்படி ஒரு முறையாவது சொல்லுங்கள்.

இன்னொரு மாற்றத்தைப் பல வீடுகள் இன்னும் மனத்தில் வாங்கவில்லை. அந்தக் காலத்தில் பெயர் பெற்ற கல்லூரிக்கு, அதாவது இடைநிலைப் பள்ளிக்கு, இடம் கிடைப்பது பதினொரு வயதுத் தேர்விலேயே தீர்ந்துவிடும். இப்போது ஏழாம் வகுப்பு இடங்கள் நான்கு வட்டாரங்களுக்குள் வட்டாரப் பள்ளிகளில் தரப்படுகின்றன. பெற்றோரின் விருப்ப வரிசை, பி.எஸ்.ஏ.சி. தரம், வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் ஆகியவை பார்க்கப்படும். இந்த மாற்றத்தோடு வந்த ஏற்பாட்டில், தேர்ந்தெடுத்த பிள்ளைகளைச் சேர்க்கும் அகாடமிப் பள்ளிகளில் சேர்வது ஒன்பதாம் வகுப்பு என்.சி.ஈ. தேர்வுக்குப் பிறகு, பத்தாம் வகுப்பில்தான். ஆறாம் வகுப்பிலேயே பிள்ளையைப் பிழிந்து எடுத்துவிட்டால், ஒன்பதாம் வகுப்பில் ஓட அதனிடம் மூச்சு இருக்காது.

இனி லெசன், அதாவது தனிப்பயிற்சி வகுப்பு விஷயம். லெசனே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்றரை மணிக்குப் பள்ளி விட்டு, லெசன் முடித்து, ஆறு மணிக்கு வீடு வரும் பிள்ளை குளித்துச் சாப்பிட ஏழரை ஆகிறது. அதற்குப் பிறகு பள்ளி வீட்டுப்பாடம், அதன் மேல் லெசன் வீட்டுப்பாடம். படுக்க பத்து மணி, எழ ஐந்தரை. ஏழரை மணி நேரத் தூக்கம் பதினொரு வயதுக்குப் போதாது. ஒன்பது மணி நேரம் வேண்டும். தூக்கம் குறைந்த பிள்ளை முதலில் இழப்பது நினைவாற்றலை அல்ல, கவனத்தை. தெரிந்த கணக்கையே தப்பாகப் போடும். அதைப் பார்த்துப் பயந்து நாம் இன்னொரு லெசன் சேர்ப்போம்.

லெசன் வைப்பதென்றால் வாரத்தில் இரண்டு நாளோடு நிறுத்துங்கள், ஞாயிறு வேண்டாம். ஒரே பாடத்துக்கு இரண்டு இடம் அனுப்பவே வேண்டாம். கழித்தலில் ஒருவர் மேல் எண்ணிலிருந்து கடன் வாங்கச் சொல்வார், மற்றவர் கீழ் எண்ணில் ஒன்று கூட்டச் சொல்வார். இரண்டும் சரிதான். ஆனால் பிள்ளை பாதிக் கணக்கில் முறையை மாற்றிக்கொள்ளும்.

கணிதத்தில் மதிப்பெண் எங்கே போகிறது என்று கேட்டால், பெரும்பாலும் கூட்டல் பெருக்கலில் இல்லை. கேள்வி ஆங்கிலத்தில் வருகிறது, பிள்ளை தான் அன்றாடம் பேசும் கிரியோலில் நினைக்கிறது. நடுவில்தான் மதிப்பெண் கொட்டிப்போகிறது. ஒரு பழக்கடையில் 144 மாம்பழம், கால் பங்கு விற்றுவிட்டது, மீதி எத்தனை என்று கேள்வி. பிள்ளை 144-ஐ நான்கால் வகுத்து 36 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். விடை 108. வகுத்தல் சரி, கடைசியில் இருந்த ‘லெஃப்ட்’ என்ற சொல்லைத்தான் கண் தாண்டிவிட்டது. ‘ஹவ் மெனி மோர்’ என்று கேட்டால் ‘மோர்’ இருக்கிறதே என்று கூட்டும் பிள்ளைகள் ஏராளம். அங்கே செய்ய வேண்டியது கழித்தல். ‘ஈச்’, ‘அட் லீஸ்ட்’, ‘டிஃபரென்ஸ்’, ‘ரிமெய்ண்டர்’ ஆகியவையும் இதே மாதிரிக் கண்ணிகள்.

இதற்கு வீட்டில் செய்யக்கூடியது எளிது, உங்களுக்குக் கணிதம் தெரிந்திருக்கவும் வேண்டாம். நாளுக்கு இரண்டே கணக்கு. முதலில் கேள்வியை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, என்ன கேட்கிறார்கள் என்று கிரியோலிலோ தமிழிலோ தன் சொல்லில் சொல்லட்டும். பிறகு விடை எதில் வரும், ரூபாயிலா லிட்டரிலா நிமிடத்திலா, என்று சொல்லட்டும். அதன் பிறகே பென்சிலை எடுக்கட்டும். இந்த இரண்டு கணக்குக்குக் கால் மணி நேரம் ஆகும். இருபது கணக்கை ஓட்டமாகப் போடுவதைவிட இதில் பலன் அதிகம்.

நேரக் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே தவறு எல்லா வகுப்பிலும் வருகிறது. ரோஸ் ஹில்லில் 7.50-க்கு பஸ் ஏறி போர்ட் லூயிஸில் 8.25-க்கு இறங்கினால் பயணம் எவ்வளவு நேரம்? 825-இலிருந்து 750 போனால் 75 என்று பிள்ளை எழுதும். சரியான விடை 35 நிமிடம். மணி என்பது அறுபது அறுபதாகப் போவது, நூறாகப் போவது அல்ல. தாளில் கோடு போட்டு 7.50-இலிருந்து 8.00 வரை 10 நிமிடம், 8.00-இலிருந்து 8.25 வரை 25 நிமிடம் என்று இரண்டு தாவலாகத் தாவச் சொல்லுங்கள். பஸ்ஸில் போகும்போதே கேட்கலாம்.

தசமத்தில் 0.6-ஐவிட 0.45 பெரியது என்று பிள்ளை சொன்னால், 45 என்ற எண் 6-ஐவிடப் பெரிதாகக் கண்ணுக்குத் தெரிகிறது என்று பொருள். அறுபது சென்டா நாற்பத்தைந்து சென்டா என்று காசில் கேளுங்கள், உடனே திருந்தும். பின்னத்தில் மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் ஏழில் இரண்டு என்று எழுதினால் ஒரு ஃபராட்டா ரொட்டியை எடுத்து மூன்றாகக் கிழித்துக் காட்டுங்கள். ஏழில் இரண்டு என்பது மூன்றில் ஒன்றைவிடச் சிறிய துண்டு. கூட்டினால் குறையுமா?

ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வரும் பிழைகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு மொழி இன்னொன்றுக்குள் கசிவதுதான். பிரெஞ்சில் வயதை ‘இருக்கிறது’ என்று சொல்வதால் ஆங்கிலத்திலும் ‘ஐ ஹேவ் லெவன் இயர்ஸ்’ என்று வரும். கிரியோலில் வினைச்சொல் ஆளுக்கு ஏற்ப மாறுவதில்லை, அதனால் ‘ஹி ப்ளே’ என்று எழுதி எஸ்ஸை விட்டுவிடும். கிரியோலில் ‘லத்தாப்’ என்பது ஒரே சொல். பிரெஞ்சில் ‘லா’ வேறு, ‘தாப்ல்’ வேறு. இவை திட்ட வேண்டிய பிழைகள் அல்ல. எந்த மொழியின் பழக்கம் எங்கே வந்திருக்கிறது என்று பிள்ளைக்கே கண்டுபிடிக்கக் கொடுத்தால் அது விளையாட்டாகிவிடும்.

தமிழுக்கு வருகிறேன். விருப்பப் பாடம்தானே என்று செப்டம்பரில் தமிழ்ப் புத்தகத்தை மூடிவைக்கும் வீடுகள் உண்டு. நேரம் மிச்சமாகும் என்ற எண்ணம். உண்மையில் மிச்சமாவது வாரத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை, போவது ஆறு ஆண்டு உழைப்பு. நம் பிள்ளைகள் தமிழில் தடுமாறுவதற்குச் செவிதான் காரணம். கிரியோலில் ளகரமும் ழகரமும் ணகரமும் இல்லை. கேட்காத ஒலியைக் கை எப்படி எழுதும்? பல்லி-பள்ளி, பனி-பணி, மரம்-மறம், படம்-பாடம், கலை-காலை என்று நாளுக்கு மூன்று சோடி எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்ல வேண்டும், பிள்ளை எது என்று விரலால் காட்ட வேண்டும். அதில் தேறிய பிறகே எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கே உச்சரிப்பில் சந்தேகம் என்றால் பாட்டியைச் சொல்லச் சொல்லுங்கள். எழுதும்போது மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். ஐந்து நிமிடம்தான். வீட்டில் தமிழ் பேசும் சில குடும்பங்களில் வேறொரு சிக்கல். ‘வந்துச்சு’ என்று பேசுகிற பிள்ளை அதையே விடைத்தாளில் எழுதிவிடும். பேச்சைத் திருத்தாதீர்கள். எழுத்தில் ‘வந்தது’ என்று வரும், அவ்வளவுதான்.

பழைய வினாத்தாள்களை ஜனவரியிலேயே வாங்கி அடுக்க வேண்டாம். பாடம் பாதிகூட முடியாத நிலையில் முழுத்தாள் எழுதும் பிள்ளைக்குத் தெரியாத கேள்விகளே கண்ணில் படும். நமக்கு ஒன்றும் வராது என்று அது முடிவு கட்டிவிடும். இரண்டாம் பருவ முடிவில் பள்ளியிலேயே தொடங்குவோம், வாரத்துக்கு ஒரு தாள். வீட்டில் தாள் எழுதினால் எழுதிய நாளில் திருத்தாதீர்கள். மறுநாள் பிள்ளையே திருத்தி, தவறு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதட்டும்: நான் எழுதியது, சரியானது, ஏன் தவறியது. மூன்றாம் கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. கேள்வியைப் பாதிதான் வாசித்தேன், அலகை மாற்றவில்லை, வாய்ப்பாட்டில் ஏழெட்டு தெரியவில்லை என்று குறிப்பாக எழுத வேண்டும். ஏழெட்டு தெரியவில்லை என்றால் ஏழெட்டைப் படிக்கலாம், கவனக்குறைவை எப்படிப் படிப்பது?

முதல் பருவத்தில் சூறாவளியும் பெருமழையும் சில நாட்களைத் தின்றுவிடும். அந்த நாட்களில் பாடத்தை விரட்ட வேண்டாம். அரை மணி நேரம் கதைப் புத்தகம் வாசித்தால் போதும். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்து நடந்த பிள்ளை மறுநாள் அசதியாக வந்தால் வகுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். புரட்டாசி விரதம் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் விழுகிறது. கோவிந்தன் பூசைக்காக மீன், கறி விடுவதில் தவறில்லை. ஆனால் வெறும் ரொட்டியும் வெண்ணெயும் கட்டிக் கொடுத்தால் பதினொரு மணிக்குப் பிள்ளை சோர்ந்துவிடும். தால் பூரி, பயறு, கடலை, தயிர் ஏதாவது ஒன்று டப்பாவில் இருக்கட்டும். முழுப்பட்டினி இந்த ஆண்டு பிள்ளைக்கு வேண்டாம். தேர்வு நாள் காலையில் புதிய உணவு எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள்.

கைபேசி இரவில் பெற்றோர் அறையில் இருக்கட்டும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை காலையில் மட்டும் வருகிற வயிற்றுவலி, எழுதியதைத் திரும்பத் திரும்ப அழிப்பது, முன்பு பிடித்த விளையாட்டை விடுவது, சின்ன விஷயத்துக்கு அழுகை. இவற்றில் எதுவும் இரண்டு வாரம் தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பேசும்போது பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டாம். சித்தப்பா மகன் எத்தனை வாங்கினான் என்ற பேச்சை இந்த ஆண்டு விருந்துகளில் கேட்காமல் இருந்தால் பாதி வலி குறையும்.

இரண்டு காகித வேலை உண்டு. முதலாவது பெயர். தேர்வுப் பதிவில் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுத வேண்டும். நம் தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பதிவானவை. ஒரு ‘ஓ’ இரட்டிப்பதும் கடைசியில் ‘ஈ’யா ‘ஏ’யா என்பதும் சகோதரர்களுக்குள்ளேயே மாறியிருக்கும். சான்றிதழின் நகலைப் பிப்ரவரி முடிவதற்குள் அனுப்புங்கள். பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறோம். இரண்டாவது, பார்வை, செவி, எழுத்து வேகம், வாசிப்புச் சிரமம் போன்ற ஏதாவது இருந்தால் தேர்வில் சிறப்பு ஏற்பாடு கேட்கலாம். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும், விண்ணப்பம் முன்கூட்டியே போக வேண்டும். வெட்கப்பட்டு அக்டோபர் வரை மறைத்தால் எங்களால் எதுவும் செய்ய முடியாது.

ஏழாம் வகுப்புப் பள்ளிகளின் விருப்ப வரிசையை எழுதும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், எத்தனை பஸ் மாற வேண்டும் என்று ஒரு முறை நீங்களே போய்ப் பாருங்கள். இங்கே பொதுப்பாடங்களுக்கு ஒரே ஆசிரியர், தமிழுக்கு ஒருவர். அங்கே பாடத்துக்கு ஒருவர், மணி அடித்தால் அடுத்தவர். புத்தகப் பையை நாமே அடுக்கிக் கொடுத்த பிள்ளை அங்கே முதல் மாதம் தத்தளிக்கும். ஆகவே இந்த ஆண்டின் இரண்டாம் பருவத்திலிருந்து பையை அதுவே அடுக்கட்டும். ஒரு நோட்டை மறந்து வந்தால் வீட்டிலிருந்து ஓடி வந்து கொடுக்காதீர்கள், நாங்கள் அன்று ஒரு தாள் தந்து சமாளித்துக்கொள்கிறோம். தேர்வு முடிந்த விடுமுறையில் புதிய பள்ளிக்குப் பஸ்ஸில் இரண்டு முறை கூட்டிப் போங்கள். மூன்றாம் முறை பிள்ளை முன்னால் உட்காரட்டும், நீங்கள் கடைசி இருக்கையில். எங்கே இறங்குவது என்று அது சொல்ல வேண்டும். பல அரசு இடைநிலைப் பள்ளிகளில் ஆண் பிள்ளைகள் தனி, பெண் பிள்ளைகள் தனி என்பதால் ஆறு ஆண்டு ஒன்றாக உட்கார்ந்த நண்பர்கள் பிரிவார்கள். அந்த வருத்தம் உண்மையானது, அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள்.

பெற்றோர் கூட்டம் பிப்ரவரி மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பள்ளி மண்டபத்தில். வேலை முடிந்து தாமதமாக வருபவர்களுக்காக ஐந்தரை மணிக்கு மறுபடி ஒரு முறை பேசுவேன். வரும்போது பிள்ளையின் கணித நோட்டையும் தமிழ் நோட்டையும் எடுத்து வாருங்கள். கீழே உள்ள சீட்டில் பிள்ளை வழக்கமாகப் படுக்கும் நேரம், எழும் நேரம், போகும் லெசன் நாட்கள் மூன்றையும் உள்ளபடி நிரப்பி, கையெழுத்திட்டு, வரும் திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்