ஸ்பைடர்மேனைப் படிக்க ஏலத்துக்குப் போக வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸ் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை ஏல விலைகளோடு நின்றுவிட்டது. ஸ்பைடர்மேன் அறிமுகமான 'அமேசிங் ஃபேன்டஸி' 15ஆம் இதழின் (1962) ஒரு பிரதி 2021இல் 36 லட்சம் டாலருக்குப் போனது உண்மைதான். அதைப் பார்த்து, இந்தக் கதைகள் நமக்கு எட்டாதவை என்று யாரும் ஒதுங்கிவிடக் கூடாது. அதே கதை மலிவான மறுபதிப்புகளில் கிடைக்கிறது. (தமிழில் வந்த லயன் காமிக்ஸில் நாம் படித்த ஸ்பைடர் வேறு ஆள். அவர் பிரிட்டிஷ் பாத்திரம். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அவருக்கும் கதை எழுதியிருக்கிறார்.)

எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் செய்த ஸ்பைடர்மேன், அந்த அறிமுகக் கதை போக, 38 இதழ்களும் இரண்டு ஆண்டு மலர்களும்தான். மார்வெல் நிறுவனத்தின் 'எபிக் கலெக்‌ஷன்' மறுபதிப்பு வரிசையின் முதல் இரண்டு தொகுதிகளில் எல்லாமே வண்ணத்தில் அடங்கிவிடுகின்றன: முதலாவதில் 1 முதல் 17 வரை, இரண்டாவதில் 18 முதல் 38 வரை. இந்த வரிசையில் முதுகில் இருக்கும் எண் கதையின் வரிசை. வெளியான வரிசை அல்ல. நடுவில் ஒரு எண் கிடைக்கவில்லை என்றால் அது இன்னும் அச்சாகாமலே இருக்கலாம். தீர்ந்துபோன தொகுதிக்குப் பழைய புத்தகக்காரர்கள் விலையை ஏற்றுவார்கள். அவசரப்பட வேண்டாம், மறு அச்சு வந்தால் இறங்கிவிடும்.

2021இல் தொடங்கிய 'மைட்டி மார்வெல் மாஸ்டர்வொர்க்ஸ்' வரிசை இன்னும் மலிவு, வெளிவந்தபோது 15.99 டாலர். முதல் தொகுதியில் அறிமுகக் கதையும் முதல் பத்து இதழ்களும் உண்டு. ஆனால் பக்கம் 6க்கு 9 அங்குலம்தான். டிட்கோ ஒரே பக்கத்தில் ஒன்பது கட்டங்கள் வரைபவர், லீயோ வசனத்தை அள்ளிக் கொட்டுபவர். இரண்டும் சேர்ந்து சுருங்கும்போது கண்ணுக்குச் சிரமம்.

என் பரிந்துரை, 2013வாக்கில் நின்றுபோன கறுப்பு வெள்ளை 'எசென்ஷியல்' தொகுதிகள். பழைய புத்தகமாகத்தான் கிடைக்கும். முதல் தொகுதியில் 20ஆம் இதழ் வரையும், இரண்டாவதில் 43 வரையும் இருக்கின்றன. வண்ணம் இல்லாதது குறை என்று நினைப்பவர்கள் 33ஆம் இதழில் ஸ்பைடர்மேன் இயந்திரத்தைத் தூக்கும் பக்கங்களை அதில் பார்க்க வேண்டும். டிட்கோவின் மைக்கோடு மட்டும் தனித்து நிற்கும். அந்தக் காலத்து வண்ணங்கள் மையை உறிஞ்சும் நியூஸ்பிரின்ட் தாளுக்காகத் தேர்ந்தவை. அதே வண்ணத்தை வழுவழுப்பான வெள்ளைத் தாளில் அடித்தால் கண்ணைக் குத்துகிறது. கோடு சில மறுபதிப்புகளில் தடித்தோ அறுபட்டோ இருப்பதற்குக் காரணம், அச்சுப் படச்சுருள் கிடைக்காமல் பழைய இதழின் வண்ணத்தை வெளுக்கவைத்து எஞ்சிய கோட்டிலிருந்து பக்கத்தை மீட்டெடுத்ததுதான்.

1970களின் மறுபதிப்பு இதழ்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. மூலக் கதை 20 பக்கம், அப்போதைய இதழில் கதைக்கு இடம் 17, 18 பக்கம். மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். 'மார்வெல் டேல்ஸ்' என்ற மறுபதிப்பு இதழ்களைத் தேடுபவர்கள் 1982இல் வந்த 137ஆம் எண்ணிலிருந்து தொடங்கலாம். டிட்கோ கதைகள் முதலிலிருந்து வருவது அங்கிருந்துதான்.

தடித்த தொகுதிகள் பசை பைண்டிங். புதிதாக வாங்கியதும் நடுவில் விரித்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். முன்னாலிருந்து கொஞ்சம், பின்னாலிருந்து கொஞ்சம் என்று சில பக்கங்களாக நீவிக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும். தனி இதழ்களைப் பிவிசி உறையில் போடாதீர்கள், நாளடைவில் அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது. மழைக்காலத்தில் வழுவழுப்புத் தாள் நனைந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிரித்தால் படம் உரிந்து வரும். ஆகவே தரையோடு ஒட்டிய தட்டில் வைக்க வேண்டாம்.

இனி காமிக்ஸ் தொகுதிகளை அறிமுகம் செய்யும்போது பக்க அளவையும், எந்த இதழ் முதல் எந்த இதழ் வரை உள்ளே இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை